டங்ஸ்டன் விரிசலைக் கணக்கிட எந்த முறை?

பிரான்சின் கதராஷில் எழும்பிவரும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலையில், பிளாஸ்மா எனும் மின்னேறிய கொதிவாயுவின் சூட்டை நேரடியாக வாங்கும் பகுதி டைவர்ட்டர். அதன் மேற்பரப்பு டங்ஸ்டன் உலோகம். உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். அப்படியிருந்தும் மில்லிசெகண்டு நேரத்தில் வெப்பம் வந்து அறைந்தால், உருகாமலே விரிசல் விடும். அதைக் கணினியில் காட்ட மூன்று முறைகள் உண்டு.

எதை எடுத்தாலும் முதலில் புரிய வேண்டியது, உலோகம் ஆறும்போதுதான் பெரிய விரிசல்கள் விழுகின்றன என்பது. ஒரு மில்லிசெகண்டில் சூடு கால் மில்லிமீட்டர் அளவுதான் இறங்கும். மேல்தோல் விரியப் பார்க்கும். அடியிலுள்ள குளிர்ந்த உலோகம் விடாது. 1,000 டிகிரி ஏறினால், உலோகம் நிரந்தரமாக உருமாறாது என்று கொள்ளும் மீள்தன்மைக் கணக்கில், அமுக்கத் தகைவு (ஒரு பரப்பலகில் விழும் உள்விசை) சுமார் 2.5 கிகாபாஸ்கல். அதைத் தாங்காமல் தோல் நசுங்கி நிரந்தரமாக உருமாறும். ஆறிச் சுருங்கும்போது அதுவே இழுவிசையாகத் திரும்பும். சில நூறு டிகிரிக்குக் கீழே டங்ஸ்டன் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுவதால், பிளந்துகொள்ளும்.

பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம்; அந்தக் கட்டங்களின் பின்னல்தான் மெஷ். 1999இல் பெலிட்ச்கோ குழு தந்த எக்ஸ்ஃபெம் (XFEM) முறை, மெஷ்ஷை மாற்றாமலே விரிசலை ஓடவிடும். ஒற்றை விரிசல் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் இதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் எங்கே தொடங்கும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். வலைபோலப் பின்னும் வெடிப்புகளில் திணறிவிடும்.

2000இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் சில்லிங் முன்வைத்த பெரிடைனமிக்ஸ், பொருளை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் புள்ளிகளாகப் பார்க்கும் முறை. இதில் கிளைபிரிதல் தானாக வரும். கண்ணாடி, பீங்கானுக்கு அருமை. அதன் ஆரம்ப வடிவத்தில் நிரந்தர உருமாற்றத்தைச் சேர்ப்பது கடினம். டங்ஸ்டனுக்கோ அதுதான் உயிர்நாடி.

என் தேர்வு ஃபேஸ் ஃபீல்டு, அதாவது விரிசலைக் கூர்மையான கோடாக அல்லாமல் மங்கலான பட்டையாகக் காட்டும் முறை. புது மேற்பரப்பை உண்டாக்கும் அளவு ஆற்றல் வெளிவந்தால்தான் விரிசல் வளரும் என்று 1921இல் கிரிஃபித் சொன்ன கணக்கை 1998இல் ஃபிராங்க்ஃபோர்ட்டும் மாரிகோவும் விரிவாக்கியதிலிருந்து வளர்ந்தது. விரிசல் தானே பிறக்கும், கிளைக்கும், இணையும், நசுங்கலையும் சேர்க்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை, மிக நுண்ணிய மெஷ். விரிசல் பட்டையின் அகலம் 20 மைக்ரான் என்றால், மெஷ் 5 முதல் 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். முப்பரிமாணத்தில் கணினி திண்டாடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இழுவிசை ஆற்றலையும் அமுக்க ஆற்றலையும் பிரிக்காமல் விட்டால், அமுக்கத்திலேயே உலோகம் உடைவதாகக் கணினி காட்டும். அதனால் விரிசலின் படத்தைப் பார்க்குமுன், அது விழுந்த நேரத்தைப் பாருங்கள். சூடேறும் கட்டத்திலேயே பெரிய விரிசல் முளைத்திருந்தால், அந்தப் பிரிப்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.