கத்தியா, காமா கதிரா? அப்பச்சியின் காதுக் கட்டிக்கு நாங்கள் எடுத்த முடிவு

ஆறு வருஷத்துக்கு முன் அப்பச்சிக்கு இடது காது மந்தமானது. குறும்பி அடைப்புதான் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். எம்ஆர்ஐ எடுத்தபோது கேட்பு நரம்பில் 1.9 சென்டிமீட்டர் கட்டி. புற்று இல்லை.

மண்டையைத் திறந்து எடுப்பதில் ஒரு நிம்மதி, கட்டி வெளியே வந்துவிடும். 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் பெரும்பாலும் கத்திதான் வழி. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடக்கும். வாய் கோணிவிடுமோ என்பதுதான் ஆத்தாவுக்குப் பயம்.

நாங்கள் காமா நைஃபுக்குப் போனோம். பெயரில்தான் கத்தி, 192 கோபால்ட் கதிர்கள் ஒரே புள்ளியில் குவிகின்றன. தலையில் சட்டத்தை நாலு திருகாணியால் இறுக்கினார்கள். மறுநாளே கிளம்பிவிட்டோம். நெற்றியில் இரண்டு பொட்டுக் காயம், அவ்வளவுதான். கதிரை 12, 13 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவில் கொடுத்தால் பத்து வருஷம் கழித்தும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டி அடங்கியே இருக்கிறது.

அடங்கும் என்றுதான் சொன்னேன், போய்விடும் என்றல்ல. கட்டி உள்ளேயே இருப்பதால் எம்ஆர்ஐ தொடர்கதை. முதலில் ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. எங்கள் முதல் படத்தில் 2.2 சென்டிமீட்டர்! ரிப்போர்ட்டில் 'வளர்ந்திருக்கிறது' என்று ஒற்றை வரி. "அன்னைக்கே வெட்டி எடுத்திருக்கலாம்ல" என்று அம்மான் குதித்தார். கதிர் கொடுத்த டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். கட்டியின் நடுப்பகுதி கறுத்திருந்தது, கதிர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். முதல் இரண்டு வருஷத்துக்குள் இப்படி வீங்கி வடிவது சகஜம், அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது என்றார். அடுத்த வருஷம் பழைய அளவுக்கே வந்துவிட்டது. பழைய படம் கையில் இல்லாமல் ஸ்கேனுக்குப் போவது வெட்டி வேலை. எங்கள் வீட்டில் படங்களுக்கென்றே ஒரு தகரப்பெட்டி, தேதி எழுதி ஒட்டி, கல்யாண ஆல்பங்களுக்கு மேலே இருக்கிறது. வருஷா வருஷம் இதற்கு மெனக்கெட முடியாத வீடென்றால் நானே கத்தியைத்தான் சொல்வேன்.

கதிரே புற்றை உண்டாக்குமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. அப்படி ஆவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் நான் பார்த்தது ஒரு கட்டி, ஆறு வருஷம். பார்வை நரம்பை ஒட்டிய கட்டிக்கு இந்தக் கணக்கைப் பொருத்திவிடாதீர்கள்.

கேட்கும் திறன் மட்டும் தங்கவில்லை. கதிர் கொடுத்தாலும் வருஷம் போகப் போக அது தேய்வதுதான் வழக்கம். அப்பச்சி இப்போது முகப்புத் திண்ணையில் இடப்பக்கம் தூண் இருக்கும்படி உட்கார்கிறார். பேச வருகிறவர்கள் தானாகவே வலப்பக்கம் வந்துவிடுகிறார்கள்.