டெல்டாவில் திருட்டுக்குத் தாங்கும் வண்டிக் கொட்டகை: ஹாலோ பிளாக்கா, சாலிட் பிளாக்கா, செங்கல்லா?

பவர் டில்லர், ஸ்பிரேயர், நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் சுருள், டிராக்டர் பேட்டரி, இரண்டு டூவீலர், நாலைந்து உர மூட்டை. இதையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டிவைக்கத் தகரக் கொட்டகை போதாது என்பது தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கல்லில் கட்டுவது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலும் ஒரு கல்லின் விலையை இன்னொரு கல்லின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது கட்டி முடித்த சுவரை. உள்ளே போகும் கான்கிரீட், கம்பி, கலவை எல்லாம் சேர்ந்த பிறகு கணக்கு வேறு மாதிரி நிற்கும்.

கணக்குக்கு ஒரு அளவை எடுத்துக்கொள்வோம்: உள் அளவு 10 அடிக்கு 20 அடி, உயரம் 9 அடி, அகலவாட்டில் 8 அடிக்கு 7 அடி வாசல். வாசல் போக நிகரச் சுவர் ஏறத்தாழ 500 சதுர அடி. ஒரு டில்லரும் வண்டிகளும் தாராளமாக நிற்கும். கார் என்றாலும் போதும்.

ஹாலோ பிளாக்

16க்கு 8க்கு 8 அங்குல ஹாலோ பிளாக் என்றால் 100 சதுர அடிக்கு 108 கல். நம் கொட்டகைக்கு 550 போதும், உடைசலுக்குச் சேர்த்து 580 இறக்கலாம். கல் பெரிது, கற்களுக்கு இடையிலான சந்து குறைவு என்பதால் கட்டுக்கலவைக்கு நாலைந்து மூட்டை சிமென்டோடு முடிந்துவிடும். வேலையும் வேகமாக ஏறும். மலிவு என்று பேர் வந்தது இதனால்தான்.

ஆனால் அந்தக் கல்லைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். இரண்டு பெரிய பொந்து. அதைச் சுற்றி ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் ஓடு. கன்னம் வைக்க, அதாவது சுவரில் ஓட்டை போட்டுத் திருட வருகிறவனுக்கு 8 அங்குலச் சுவர் எதிரில் இல்லை, இரண்டு மெல்லிய ஓடுகள்தான் இருக்கின்றன. சுத்தியலால் முகத்தில் சில அடி போட்டால் ஓடு உள்ளே விழும், பின் ஓடும் அப்படியே. பக்கத்துக் கல்லைத் தட்டிச் சரிக்க அந்தப் பொந்தே இடம் கொடுக்கும். பூட்டி வைக்கும் கொட்டகைக்கு நிரப்பாத ஹாலோ பிளாக் சுவர் ஆகவே ஆகாது.

நிரப்பினால் கதை மாறும். நான்கு மூலையிலும், வாசலின் இரு பக்கமும், நடுவில் 4 அடிக்கு ஒன்றாகவும் பொந்தில் 10 எம்எம் கம்பி விட்டு, 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) மேல்வரை நிரப்ப வேண்டும். அதோடு கீழ் ஆறு வரிசை, அதாவது தரையிலிருந்து 4 அடி உயரம், எல்லாப் பொந்தையும் நிரப்ப வேண்டும். உட்கார்ந்தோ குனிந்தோ சத்தமில்லாமல் உடைக்க வசதியான உயரம் அதுதான். இதற்கு 60 முதல் 65 கனஅடி கான்கிரீட் பிடிக்கும். சிமென்ட் மட்டும் 11, 12 மூட்டை. கல்லில் மிச்சம் பிடித்தது இங்கே கரைந்துவிடும். ஹாலோ மலிவு என்பது நிரப்பாத வரைக்கும்தான்.

இன்னொரு சிக்கல், நிரப்பியது முழுசாக இறங்கியதா என்று கட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. சுவரை உச்சிவரை கட்டிவிட்டு மேலிருந்து ஊற்றினால் பிதுங்கி நிற்கும் கலவையில் ஜல்லி சிக்கி, அதற்குக் கீழே வெற்றிடம் தங்கும். மூன்று வரிசைக்கு ஒருமுறை சிப்ஸ் எனும் பொடி ஜல்லி போட்ட தளர்வான கலவையை ஊற்றி, கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். கொத்தனாரோடு யாராவது கூடவே நின்றால்தான் இது நடக்கும். நிற்க ஆள் இல்லை என்றால் இந்த வழியே வேண்டாம்.

செங்கல்

டெல்டாவில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, சூளைக்கும் பஞ்சமில்லை. 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகக் கட்டினால் நல்ல காவல்தான். நம் அளவுக்கு உடைசலோடு 5,700 கல் வேண்டும். சந்துகள் அதிகம் என்பதால் 1:6 சிமென்ட்-மணல் கலவைக்கே 15 மூட்டை சிமென்ட் போகும். கலவை இளைத்தால் செங்கல்லின் பலம் ஒன்றுக்கும் உதவாது. சந்தைச் சுரண்டி ஒரு கல்லைப் பிடுங்கினால், அடுத்தடுத்த கல் கையோடு வரும். சத்தமும் கேட்காது. பூச்சு பூசாமல் விட்ட பழைய சுவர்களில் கன்னம் விழுவது இப்படித்தான். கடலோரத்தில், உப்பு மண்ணில் அறுத்த கல் இரண்டு மழைக்காலத்தில் வெள்ளை பூத்து உதிரத் தொடங்கும்.

ஃபிளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது) அளவில் சீராக இருக்கும், கலவை கொஞ்சம் குறையும். ஆனால் சின்னக் கல் என்பதால் பிடுங்கும் ஆபத்து செங்கல்லுக்கு உள்ளதுதான். ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல், இந்த வேலைக்கே வேண்டாம். கைரம்பத்தால் அறுபடும் கல்லைக் காவலுக்கு வைப்பதில் அர்த்தமில்லை. கதவு நிலையின் போல்டும் அதில் நிற்காது.

சாலிட் பிளாக்

இந்தக் கொட்டகைக்கு எங்கள் தேர்வு 6 அங்குல சாலிட் பிளாக் (பொந்தில்லாத சிமென்ட் கல்), இடையிடையே கான்கிரீட் பில்லர். 8 அங்குல சாலிட் என்றால் ஒரு கல் 35 கிலோ. தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும், நம் இளகிய மண்ணுக்கு அந்தப் பாரமும் அதிகம். 6 அங்குலம் 25 கிலோ சுமார். சம்மட்டி எடுத்து ஓங்கி அடித்தால் ஒழிய உடையாது. அந்தச் சத்தம் ராத்திரி வயல்வெளியில் தெருவரை கேட்கும். நிரப்பும் வேலை இல்லாததால் ஏமாற்றவும் இடமில்லை.

நான்கு மூலை, நீளச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என ஆறு பில்லர், 9க்கு 9 அங்குலம். எல்லாம் சேர்ந்து 30 கனஅடி கான்கிரீட். மூன்று வரிசைக்கு ஒருமுறை பில்லரிலிருந்து 6 எம்எம் கம்பி ஒன்றரை அடி நீண்டு சந்துக்குள் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் பில்லருக்கும் சுவருக்கும் நடுவே நேர்க்கோடாக விரிசல் விடும், கடப்பாரை முனை நுழைய அது போதும்.

கொத்தனாரிடம் கறாராகச் சொல்ல வேண்டியது நெட்டுச் சந்தைப் பற்றி, அதாவது பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் சந்து. படுக்கைச் சந்தில் கலவை பரப்பிவிட்டு, நெட்டுச் சந்தில் மேலாக ஒரு தடவல் தடவி மூடுவது வழக்கமாகிவிட்டது. வெளியே பூசிவிட்டால் தெரியாது. உள்ளே காலியாக இருக்கும் அந்தச் சந்துதான் கல்லை நெம்ப முதல் பிடி. கல்லின் தலைப்பக்கம் கலவை அப்பிய பிறகே நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். கட்டும் நேரத்தில் செங்கல்லை ஊறவைப்பதுபோல் சிமென்ட் கல்லை நனைக்கக் கூடாது. ஊறிய கல் காயும்போது சுருங்கிச் சந்து விடும். லேசாகத் தெளித்தால் போதும்.

கல் வாங்கும் இடத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ரோட்டோரப் பட்டறையில் வார்த்து நாலைந்து நாளில் ஏற்றிவிடுகிறார்கள். வார்த்து 28 நாள் ஆன கல்லைக் கேளுங்கள். முன்பணம் கொடுத்துத் தனியாக அடுக்கி நனைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பத்துக் கல்லை எடை போட்டுப் பாருங்கள். 6 அங்குல சாலிட் 24 கிலோவுக்கு நன்றாகக் குறைந்தால் கெட்டிப்பு போதவில்லை. விளிம்பை ஆணியால் கீறினால் பொடி கொட்டக் கூடாது.

மண்ணும் கடைக்காலும்

சுவர் எவ்வளவு கெட்டியானாலும் நம் களிமண் அதைப் பிளந்துவிடும். மழையில் உப்பிப் பெருகும், கோடையில் சுருங்கிக் கைநுழையும் வெடிப்பு விடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பதால், கட்டட வேலைக்கு அந்த இடைவெளிதான் வசதி. ஆனால் அப்போது மண் அதிகமாகச் சுருங்கிய நிலையில் இருக்கும். ஆழமில்லாத கடைக்கால் போட்டால் ஐப்பசி மழையில் மண் உப்பிச் சுவரைத் தூக்கும், படிப்படியாக விரிசல் ஓடும். வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டி 4 அடியாவது தோண்டுங்கள். அடியில் ஒரு அடி மணல் போட்டு நீர்விட்டுத் திமிசு போட்ட பிறகு 1:4:8 கான்கிரீட். எடுத்த களிமண்ணையே திரும்பப் பக்கத்தில் தள்ளாமல் மணலோ கிராவலோ இட்டு மூடுங்கள். அதன் மேல் சுற்றிவர 9க்கு 9 அங்குல பிளிந்த் பீம் (சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்), நான்கு 12 எம்எம் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு 8 எம்எம் வளையம். இந்த பீமைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது மோசமான சிக்கனம். கீழே தோண்டி நுழைய முடியாமல் தடுப்பதும் இதுதான்.

பேஸ்மட்டம் அக்கம்பக்கத்தில் நின்ற வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். ஒன்றரை அடிக்கு வாசல் சரிவு 9 அடி நீளம் வைத்தால் டில்லர் அலுங்காமல் ஏறும். கடலோரக் கிராமங்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கம்பி போகும் கான்கிரீட்டில் அதை ஊற்றவே கூடாது, லாரித் தண்ணீர் வாங்கியாவது கலக்குங்கள்.

கூரை

கல் சுவரை எழுப்பிவிட்டு மேலே ஷீட்டைத் திருகுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கலர் ஷீட்டைப் பிடிக்கும் திருகாணியின் தலை வெளியேதான் இருக்கும். 8 எம்எம் சாக்கெட் ஒன்று கையில் இருந்தால் சத்தமில்லாமல் ஒரு ஷீட்டைக் கழற்றி இறங்கலாம். காற்றும் அதே இடத்தில்தான் பிடிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் ஷீட்டுகள் பறந்ததை இந்தப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள்.

பணம் இருந்தால் 5 அங்குல கான்கிரீட் தளம் போடுங்கள். திருட்டுக்கும் புயலுக்கும் ஒரே பதில் அது. இல்லையென்றால் சுவர் உச்சியில் சுற்று பெல்ட் கான்கிரீட், அதில் பதித்த கம்பியோடு பர்லினை (ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) வெல்டு செய்து, பர்லினுக்கு அடியில் 12 எம்எம் கம்பியை 6 அங்குலத்துக்கு ஒன்றாக வலைபோல் வெல்டு வையுங்கள். ஷீட்டைக் கழற்றினாலும் உள்ளே இறங்க வழியிருக்காது.

கதவு

ஷட்டரா, இரட்டைக் கதவா? ஷட்டர் இடத்தை அடைக்காது, ஏற்றி இறக்கும் சத்தமே வீட்டருகில் ஒரு காவல். ஆனால் 8 அடி அகலத்தில் நடுப்பகுதி பலவீனம். அடியில் ஜாக்கியோ கடப்பாரையோ கொடுத்துத் தூக்கினால் தகடு வளைந்து பக்கவாட்டுச் சேனலிலிருந்து உருவிக்கொள்ளும். தரையில் பதித்த பூட்டு வளையத்தில் சேறு அடைந்தால் ஒருநாள் பூட்டாமலே விடுவார்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் அடிப்பட்டைதான் முதலில் அரிக்கும். ஷட்டர்தான் வேண்டும் என்றால் 18 கேஜ் தகடு, 3 அங்குல ஆழச் சேனல், இரு பக்கமும் சேனலுக்குள் பாயும் பூட்டு.

கொல்லையிலும் வயலோரத்திலும் இரட்டைக் கதவே நல்லது. 50க்கு 50க்கு 6 எம்எம் ஆங்கிள் சட்டம், 14 கேஜ் தகடு. வெளியே திறக்கும் கதவில் கீல் வெளிப்பக்கம் இருக்கும், அதை அறுத்துக் கதவை அப்படியே பெயர்த்தெடுப்பார்கள். அதற்கு எளிய தடை உண்டு. கீல் பக்கச் சட்டத்தில் 16 எம்எம் கம்பித் துண்டு மூன்றை வெல்டு வைத்து, நிலையில் அதற்கு நேராகத் துளை போட வேண்டும். கதவு மூடும்போது துண்டுகள் துளைக்குள் போய் உட்காரும். கீல் இரண்டும் அறுந்தாலும் கதவு நகராது. நிலையின் கிளாம்பு பக்கத்துக்கு மூன்று, அவை பில்லர் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். ஹாலோ சுவரின் ஓட்டில் ஆங்கர் போல்டு அடித்தால் இரண்டு நெம்பலில் கழன்றுவிடும்.

பூட்டு வெளியே தொங்கினால் கட்டருக்கு வேலை எளிது. கொண்டியைச் சுற்றி 5 எம்எம் தகட்டில் கீழ்ப்பக்கம் மட்டும் திறந்த ஒரு பெட்டி வெல்டு வைத்தால், சாவி பிடித்த கை மட்டுமே உள்ளே போகும். இரண்டாவது கதவுக்கு உள்ளிருந்து மேலும் கீழும் தாழ்ப்பாள்.

காற்றுக்கு இரண்டு வென்டிலேட்டர் போதும், 7 அடி உயரத்துக்கு மேலே. கிரில்லைத் திருகாமல் கட்டும்போதே கம்பி முனைகளைச் சந்துக் கலவையில் 3 அங்குலம் பதித்துவிடுங்கள். தரைக் கான்கிரீட் போடும்போது மூலையில் ஒரு 16 எம்எம் யூ வளையத்தை, கால்களைக் கொக்கியாக மடக்கிப் பதித்து வைத்தால், பூட்டு உடைந்த ராத்திரியிலும் டில்லரும் வண்டியும் சங்கிலியோடு அங்கேயே நிற்கும்.