ஏழாவது பெஞ்ச் இடம்: ஈஎஸ்பிஎன் ஃபேன்டஸி ஃபுட்பால் செயலியும் ஒரு மாற்று ரன்னிங் பேக்கும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தட்டுவடை செட் கடையின் முன் நின்றுகொண்டு, பத்துப் பேர் கைப்பேசியும் கையுமாக அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பங்கு பிரித்துக்கொள்வதைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரும். எங்களில் பெரும்பாலோர் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங் வேலையை இரவுப் பணியில் செய்பவர்கள். திங்கட்கிழமை தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் இருப்பவர் முதலில் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார் என்பதால், பிழைப்புக்காகக் கற்கத் தொடங்கிய விளையாட்டு இது. இப்போது அதற்காகவே விழித்திருக்கிறோம்.

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது நிஜ வீரர்களைப் பொறுக்கி நாமே கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். நாங்கள் பயன்படுத்துவது ஈஎஸ்பிஎன் ஃபேன்டஸி செயலி. கட்டணம் இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்த பிறகு, காசே புழங்காத இப்படிப்பட்ட ஆட்டத்தின் அருமை எங்களுக்குக் கூடுதலாகவே தெரிந்தது. பொதுவான அமைப்பில் ஒரு லீகுக்கு, அதாவது சேர்ந்து ஆடும் ஒரு குழுவுக்கு, பத்து அணிகள், அணிக்குப் பதினாறு வீரர்கள். அவர்களில் ஒன்பது பேர் அந்த வாரம் களமிறங்குவார்கள், ஏழு பேர் பெஞ்சில் இருப்பார்கள், அவர்கள் எடுக்கும் புள்ளி கணக்கில் சேராது. ஓடியோ பிடித்தோ பந்தை முன்னேற்றும் ஒவ்வொரு பத்துக் கஜத்துக்கும் ஒரு புள்ளி, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்கு ஆறு, எறியப்பட்ட பந்தை ஒருமுறை பிடித்தாலே ஒரு புள்ளி என்று கணக்கு ஓடுகிறது. அணி அமைப்பது, மாற்றுவது, எதிரணியின் புள்ளிகளை நேரலையில் பார்ப்பது ஆகிய மூன்றும் எளிதாக இருப்பதால் அவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இந்த மதிப்புரை, மேம்போக்காகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும் ஒரு கேள்வியைப் பற்றியது: முதன்மை ஆட்டக்காரருக்குப் பின்னால் காத்திருக்கும் ஓர் இளம் ரன்னிங் பேக்கை வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க இந்தச் செயலி எவ்வளவு தூரம் உதவுகிறது?

ரன்னிங் பேக் என்பவர் பந்தை இடுக்கிக்கொண்டு தடுப்பு வரிசையைப் பிளந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நூறு கிலோ எடையுள்ளவர்கள் மேலே விழுகிறார்கள் என்பதால், முழங்காலும் கணுக்காலும் பழுதாகி வாரக்கணக்கில் வெளியே உட்காருவது இந்த இடத்தில் சாதாரணம். அப்படி முதன்மை ஆட்டக்காரர் விழும்போது, அதுவரை வாரத்துக்கு நான்கு முறை பந்தைத் தொட்ட இளைஞருக்குத் திடீரென்று இருபது வாய்ப்புகள் வருகின்றன. அமெரிக்கர்கள் இப்படி வைத்துக்கொள்ளும் மாற்று ஆட்டக்காரரைக் ‘கைவிலங்கு’ என்ற பொருளில் ஹேண்ட்கஃப் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் அவருக்கு ‘ஸ்டெப்னி’ என்று பெயர்.

செயலி ஒவ்வொரு வீரருக்கும் அந்த வாரம் எதிர்பார்க்கப்படும் புள்ளியைக் காட்டுகிறது. மாற்று ஆட்டக்காரருக்கு அது மூன்று, நான்கு என்றுதான் இருக்கும். கணக்கு தவறில்லை, ஆனால் நடப்பு நிலைமை அப்படியே நீடித்தால் என்ன கிடைக்கும் என்று மட்டுமே அது சொல்கிறது, நிலைமை மாறினால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அன்று யாராவது எதிர்பார்ப்புப் புள்ளி போட்டிருந்தால் பூஜ்யம்தான் வந்திருக்கும். 2020 டிசம்பர் தொடங்கி 2021 ஜனவரி நடுப்பகுதிக்குள் அவர் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமாகிவிட்டார். சேலத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் எதிர்பார்ப்புப் புள்ளியைத் தாண்டி, வீரரின் ஆட்டப் பதிவுப் பக்கத்துக்குப் போகிறேன். செயலியில் மிகவும் பயனுள்ள இடம் அதுதான். எத்தனை முறை பந்து கையில் கொடுக்கப்பட்டது, எத்தனை முறை அவரை நோக்கி எறியப்பட்டது என்ற இரண்டு எண்களும் வாரவாரியாக அங்கே உள்ளன. இரண்டாவது எண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2024ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காம் சுற்றில் 125ஆவது ஆளாகத் தேர்வான பக்கி எர்விங், டாம்பா பே அணியில் ரஷாட் வைட்டுக்குப் பின்னால்தான் தொடங்கினார். பருவம் முடிந்தபோது 207 ஓட்டங்களில் 1,122 கஜமும் 8 டச் டவுனும் அவர் பெயரில் இருந்தன. அதோடு 47 கேட்ச், அவற்றில் 392 கஜம். எங்கள் கணக்கு முறையில் கூட்டிப் பார்த்தால், பந்தைத் தவறவிட்டதற்கான கழிவுக்கு முன் 246.4 புள்ளிகள், அதில் 86.2, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கேட்ச்களால் வந்தவை. ஓட மட்டுமே தெரிந்த மாற்று ஆட்டக்காரருக்கு இந்த வரவு கிடையாது.

காத்திருப்புக்குப் பலன் கிடைக்கும் என்பதற்குக் கைரன் வில்லியம்ஸ் இன்னொரு சான்று. முதல் ஆண்டான 2022இல் காயங்களுக்கு நடுவே 35 ஓட்டங்கள், 139 கஜம். அடுத்த ஆண்டு அவருடைய ராம்ஸ் அணி, முதன்மை ஆட்டக்காரரான கேம் ஏக்கர்ஸைத் தொடக்கத்திலேயே ஒதுக்கியது; வில்லியம்ஸுக்கு அந்தப் பருவத்தில் மொத்தம் 12 ஆட்டங்களில் 1,144 கஜம். ஆனால் வாய்ப்பு வந்துவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் அலெக்சாண்டர் மாட்டிசனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னசோட்டாவில் டால்வின் குக்குக்குப் பின்னால் நான்கு பருவங்கள் காத்திருந்தார். குக் இல்லாத நாள்களில் நன்றாக ஆடியதால் ஃபேன்டஸி ஆடும் பலரும் அவரைப் பத்திரப்படுத்தினார்கள். 2023இல் முதலிடம் கிடைத்தபோது 180 முறை ஓடி 700 கஜம் எடுத்தார், ஓடி எடுத்த டச் டவுன் ஒன்றுகூட இல்லை.

பெஞ்சில் ஏழு இடம் என்பது கேட்கத் தாராளமாக இருக்கிறது. அக்டோபரில் ஓய்வு வாரங்கள், அதாவது ஒவ்வொரு நிஜ அணிக்கும் ஆட்டம் இல்லாத ஒரு வாரம், வரத் தொடங்கியதும் அது எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காயமடைந்தவரைத் தள்ளி வைக்கச் செயலியில் தனி இடம் உண்டு. நம் மாற்று ஆட்டக்காரர் கல்லுக்குண்டு மாதிரி நலமாக இருப்பதால் அவருக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே இப்படிப்பட்டவர் ஒருவருக்குத்தான் நான் இடம் தருவேன், இருவருக்குத் தர மாட்டேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு முதல் தொகுதி ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30க்குத் தொடங்குகின்றன. யார் ஆடவில்லை என்ற பட்டியல் தொண்ணூறு நிமிடம் முன்னதாக, அதாவது நாம் இட்லித் தட்டின் முன் உட்காரும் ஒன்பது மணிக்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடிகாரம் மாறியதும் இவை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுகிறார் என்பது நமக்கு வசதி. ஒரு ஞாயிறு ஏற்காட்டிலிருந்து குடும்பத்துடன் இறங்கும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது, கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் இல்லை. அடிவாரத்தில் கைப்பேசி உயிர்பெற்றபோது, நான் ஐந்து வாரம் அடைகாத்த இளைஞர் களத்தில் ஓடிக்கொண்டிருந்தார், என் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாம் மாற்றாவிட்டால் செயலி தானாக மாற்றாது. அதற்குச் செயலியைக் குறை சொல்லவும் முடியாது. மலையேறும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

குறை என்று நான் சொல்வது வேறு. தமிழில் இல்லை என்பதால், பள்ளியில் படிக்கும் என் தங்கை மகனுக்கு ஒவ்வொரு சுருக்கெழுத்தையும் நானே விளக்க வேண்டியிருக்கிறது. அவன் இப்போது என்னைவிட நன்றாக ஆடுகிறான் என்பது வேறு விஷயம். மற்றபடி, பத்துப் பேர் கொண்ட இலவச லீகுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

பருவம் தொடங்கினால் ஏழாவது பெஞ்ச் இடத்தில் கேட்ச் பிடிக்கத் தெரிந்த ஒரு மாற்று ரன்னிங் பேக்கை உட்கார வைப்பேன். பத்தாவது வாரம்வரை தவணை. அதற்குள் ஓர் ஆட்டத்திலாவது பத்து முறை பந்து அவர் கைக்கு வரவில்லை என்றால் விடுவித்துவிடுவேன். விடுவித்த மறுநாளே எங்கள் பத்துப் பேரில் இன்னொருவர் அவரை எடுத்துக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும்.