பெர்லின் நடைப்பயணம்: 1932 தேர்தலுக்காகவே போகலாம்

பெர்லினில் இரு போர்களுக்கு நடுவிலான அரசியலைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்ன நடைப்பயணத்தில் சேர்ந்தேன். அதில் உயிரான பகுதி பழைய பிரஷ்ய மாநிலச் சட்டமன்றக் கட்டடம். இப்போது பெர்லின் மாநிலச் சட்டமன்றம் அங்கேதான் கூடுகிறது.

வழிகாட்டி அம்மா வாசலிலேயே நிறுத்தி, 1932 ஏப்ரல் 24 அன்று நடந்த பிரஷ்ய மாநிலத் தேர்தலைக் கணக்கோடு விளக்கினார். 1928-இல் வெறும் 6 இடம் வைத்திருந்த நாஜிக் கட்சிக்கு இம்முறை 162. சமூக ஜனநாயகக் கட்சி 137-இலிருந்து 94-க்குச் சரிந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு 57. மொத்தம் 423. கூட்டிப் பாருங்கள், நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் மட்டுமே பாதியைத் தாண்டுகிறார்கள்; சேர்ந்து ஆளவோ வாய்ப்பே இல்லை. தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் பழைய சபை, புதிய முதல்வருக்கு அறுதிப் பெரும்பான்மை வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தது. யாருக்கும் அது கிடைக்காததால், சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரௌன் காபந்து முதல்வராகத் தொடர்ந்தார். ஜூலை 20 அன்று ஜெர்மனியின் மத்திய அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த பாப்பன், அவசர ஆணை ஒன்றைக் காட்டி அந்த அரசையே நீக்கினார். ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலம் அப்படிக் கைமாறியது. கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது.

குறை ஒன்று: காதில் மாட்டக் கொடுத்த கருவி அடிக்கடி கரகரத்தது. வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். அப்புறம், எதிரே நாஜிக் கொடுமைகளை ஆவணப்படுத்தும் மையம் இருக்கிறது. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள், அனுமதி இலவசம்.