‘பசுமை வீடு’ என்று முன்பணம் கேட்டால், முதலில் ஒரு கல்லை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை பக்கம் மண் கல் (மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அடிக்கும், சூளையில் சுடாத கல்) வீடு கட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவரின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நடந்ததை எழுதத் தடையில்லை.

நான் பள்ளி ஆசிரியை. வளர்ந்தது அப்பத்தாவின் மண் வீட்டில். இரண்டடி கனச் சுவர், தாழ இறங்கிய ஓட்டுச் சாய்ப்பு, உயரமான திண்ணை. சித்திரை வெயிலில் பள்ளிவிட்டு வந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் உடம்பே குளிர்ந்துவிடும். செங்கல் சூளைக்கு எத்தனை லோடு விறகு போகிறது என்பதை மானாமதுரை ரோட்டில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சுடாத கல்லில் வீடு கட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. மண் வீடு வேண்டாம் என்று யாரையும் தடுப்பதற்காக இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் நன்றாகப் பேசினார். குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டியவற்றைப் பற்றி, மேல்தளத்தில் கான்கிரீட்டைக் குறைக்க மண் சட்டி கவிழ்த்து வைப்பது பற்றி, எல்லாம் சரியாகவே சொன்னார். டேப்லெட்டில் படங்கள் காட்டினார். “இதெல்லாம் நம்ம வேலைதான்க்கா” என்றார். அதில் பாதி ஆரோவில் பார்வையாளர் மையத்தின் படங்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருதை 1992இல் வாங்கிய மண் கல் கட்டடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவர் உண்மையில் கட்டிய ஒரு வீட்டைப் பார்த்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நான் போகவில்லை.

850 சதுர அடிக்கு 17 லட்சத்து 50 ஆயிரம் பேசினோம். சோலார் தனி. ஒப்பந்தம் இரண்டு பக்கம். சுவரைப் பற்றி அதில் இருந்தது ஒரே வரி: ‘இயற்கை முறையில் தயாரித்த மண் கற்கள்’. மண் எங்கிருந்து வரும், சிமெண்ட் எத்தனை பங்கு, கல் என்ன அளவு, எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும், எதுவும் இல்லை.

கல் அடித்தது 2024 ஏப்ரல், மே மாதங்களில். எனக்கு முழுப் பரீட்சை, அதோடு ஏப்ரல் 19 தேர்தல் வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அம்மா மட்டும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்து “செக்கச்செவேல்னு அழகா இருக்குடி” என்பார். ஆவணியில் பால் காய்ச்சினோம்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நம் பக்கம் அந்த மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான்காம் நாள் காலை வாசல் பெருக்கப் போனபோது கிழக்குச் சுவரின் அடியில் பழுப்பு நிறக் குழம்பு தேங்கியிருந்தது. கீழே இரண்டாவது வரிக் கல்லில் கட்டைவிரலை வைத்தேன், அழுத்தக்கூட இல்லை, நகம் மறையும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. விரலை எடுத்தால் மேலே சிவப்பு ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே சாம்பல் நிறம். கல் முழுக்கச் சிவப்பு இல்லை, மேலே செங்காவி பூசி, அதன் மேல் பளபளவென்று ஏதோ வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்திருந்தார்கள். அந்தப் பூச்சு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்து, இடையிடையே கொப்புளம் கட்டியிருந்தது.

கொல்லையில் மிச்சக் கற்கள் அடுக்கிக் கிடந்தன. நனையாத ஒன்றை எடுத்து, ராத்திரி படுக்கும் முன் வாளித் தண்ணீரில் போட்டேன். போட்ட உடனே பொரிவது மாதிரி சத்தத்தோடு குமிழி வந்தது. பத்து நிமிடத்தில் மூலைகள் உதிர ஆரம்பித்தன. காலையில் வாளியில் கல்லே இல்லை. அடியில் நான்கு விரல்கடை சேறு, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும் கரம்பை, கம்மாய் அடியில் படிகிற களிமண். வீட்டைத் தாங்கும் சுவர் அதே கல்தான் என்ற நினைப்பில், அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

சுவர் எழுப்பிய கொத்தனாரைத் தேடிப் போனேன். நல்ல மனிதர். கூலி பாக்கி அவருக்கும் இருக்கிறது. முதலில் பேசத் தயங்கினார், பிறகு எல்லாம் சொன்னார். “டீச்சர், மண்ணு கம்மாய்க் கரம்பை. செம்மண் லோடு வரும் வரும்னாரு, வரவே இல்ல. கல்லடிக்க வந்த சிமெண்டு மொத்தமே பதினெட்டு மூட்டை. அடிச்ச கல்லு அஞ்சாம் நாளு சுவத்துல ஏறிருச்சு. நான் கேட்டேன், இன்னும் ஆறலையே சார்னு. உன் வேலையைப் பாருன்னுட்டாரு.”

பதினெட்டு மூட்டை என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்களுக்கும் உதவும். எங்கள் கல் 24 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். எடை ஏறக்குறைய 10 கிலோ. மண் கல்லுக்குப் பொதுவாகச் சேர்ப்பது எடையில் 5 சதவீதம் சிமெண்ட், அதாவது கல்லுக்கு அரைக் கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 100 கல். எங்கள் வீட்டுக்கு அடித்தது சுமார் 5,400 கல், ஆக 54 மூட்டை வந்திருக்க வேண்டும். வந்தது மூன்றில் ஒரு பங்கு. அவருக்கு மிச்சமான 36 மூட்டையின் விலை, என் சுவருக்கு நேர்ந்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சிமெண்ட் குறைந்தது பாதி கதைதான். கரம்பையில் களி அதிகம், தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வயலுக்கு அது தங்கம், சுவருக்கு ஆகாது. சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்கு மணல் பாதியாவது இருக்கிற மண் வேண்டும், களி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் போதும். இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும், அதன் மேல் வண்டல், களி மறுநாள் வரை மெதுவாகப் படியும். அடுக்குகள் கண்ணுக்கே தெரியும், ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டுவது இது. என் சொந்த வீட்டு மண்ணுக்குச் செய்யாமல் விட்டதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடித்த கல்லை வெயிலில் காயவிடவும் கூடாது. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஐந்து நாள் திறந்து கிடந்த கல்லில், போட்ட கொஞ்ச சிமெண்ட்டும் இறுகியிருக்காது. மண் கல்லுக்கென்றே ஐ.எஸ். 1725 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டின் அமைப்பிலும் தப்பு இருந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். பேசியது இரண்டடி பேஸ்மெண்ட், போட்டது ஒன்றேகாலடி. மழைத்தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரத்திலேயே மண் கல் ஆரம்பித்துவிட்டது. மேல்தளம் சுவரோடு வெட்டினாற்போல் நின்றுவிட்டது, வெளியே ஒரு சாண்கூட நீளவில்லை. அப்பத்தா வீட்டுத் திண்ணையும் தாழ்ந்த சாய்ப்பும் எதற்கு இருந்தன என்று அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. சட்டி வைத்த மேல்தளம் மட்டும் நன்றாக இருக்கிறது, கம்பி சரியாக ஓடியிருக்கிறது என்றார். அதைப் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

சோலார் கதை தனி. 3 கிலோவாட், மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம், மானியம் 78,000 கழித்து 1 லட்சத்து 32 ஆயிரம் கொடுத்தால் போதும், மானியத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். விண்ணப்பம் நம் மின் இணைப்பு எண்ணில் போக வேண்டும், திட்டத்தில் பதிவுபெற்ற நிறுவனம் மாட்ட வேண்டும், பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றுமே இல்லை. “மானியம் வரல, 78,000 நீங்க குடுத்துருங்க” என்று புரட்டாசியில் போன் செய்தார்.

அதைவிட மோசம், மின்வாரியத்துக்குச் சொல்லாமலே பேனலை லைனில் இணைத்திருந்தார். இரு வழி மீட்டர் மாற்றவில்லை. பகலில் வீட்டில் ஆள் இல்லாதபோது பேனல் தயாரித்த கரண்ட் வெளியே போக, பழைய மீட்டர் அதையும் நாங்கள் செலவழித்ததாகவே எண்ணியிருக்கிறது. வாடகை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் தாண்டாத எங்களுக்கு முதல் ரீடிங்கே 800க்கு மேல். 500 யூனிட் தாண்டினால் ரேட்டே மாறிவிடுகிறது. ரீடிங் எடுக்க வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு, “அனுமதி இல்லாம ஓட்டாதீங்கம்மா, லைன்ல வேலை பாக்கிற ஆளுக்கு ஆபத்து” என்று சொல்லி, அங்கேயே இன்வெர்ட்டரை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம்.

கட்டியவரிடம் இரண்டு முறை நேரில் பேசினேன். முதல் முறை, “மண் வீடுன்னா கொஞ்சம் கரையத்தான்க்கா செய்யும், வருசம் ஒரு தடவை பூசிக்கணும்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேச்சே வரவில்லை. பூசிப் பராமரிப்பது எனக்குத் தெரியும், அப்பத்தா பொங்கலுக்குப் பொங்கல் செய்ததைப் பார்த்தவள் நான். விரல் நுழையும் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது முறை, ஒப்பந்தத்தில் சிமெண்ட் அளவு எழுதவில்லையே என்றார். அதன் பிறகு போன் எடுப்பதில்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். வீடு கட்டித் தருவதும் சட்டப்படி ஒரு சேவை. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நான் இதுவரை கொடுத்தது வீட்டுக்கும் சோலாருக்கும் சேர்த்து 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதற்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் கையில் வலுவாக இருப்பது வங்கி வழியாகப் போன பணத்தின் கணக்கும் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளும்தான். ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு எந்தச் சான்றும் இல்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். சிமெண்ட் லோடு வரும்போது மூட்டையை எண்ணி, பில்லோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

கல் அடிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் பத்துக் கல்லை ஓரமாக எடுத்து வைத்து, தேதி எழுதி, நான்கு வாரம் நீங்களே தண்ணீர் விடுங்கள். பிறகு இரண்டைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி, ஆணியால் கீறிப் பாருங்கள். ஒன்றை உடைத்து உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். அந்தக் கற்கள் தேறும்வரை சுவர் வேலைக்குப் பணம் விடாதீர்கள்.

இப்போது கிழக்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் முட்டுக்கொடுத்து, மூன்றடி மூன்றடியாகக் கீழ் ஐந்து வரியை எடுத்துவிட்டுச் சுட்ட செங்கல் வைக்கிறார்கள். அதே பழைய கொத்தனார்தான் செய்கிறார். அது முடிந்ததும் கோட்டிங்கைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, சுற்றிலும் இரண்டரையடி ஓட்டுச் சாய்ப்பு. இதுவரை 3 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. மேல் வரிகளை நனையாமல் வைத்திருந்தால் தாங்கும் என்று பொறியாளர் சொல்கிறார், அடுத்த ஐப்பசிக்குள் சாய்ப்பு இறங்கியே ஆக வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் யாரிடமாவது இதே மாதிரி ஆரோவில் படங்களைக் காட்டி முன்பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் வீட்டிலும் மிச்சக் கல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆணையத்தில் அது சான்று.