கயிற்றில் தொங்கிய துவாலை: ‘ஜோ அண்ட் மேக்ஸ்’ திரைப்படம்

ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 2002இல் தொலைக்காட்சிக்காக வெளிவந்த ‘ஜோ அண்ட் மேக்ஸ்’ படத்தை நான் தேடிப் பார்த்ததற்கு, அவர் 1994இல் எடுத்த ‘ஹூப் டிரீம்ஸ்’ என்ற ஆவணப்படமே காரணம். சிகாகோவின் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கூடைப்பந்துத் திடலிலும் வீட்டுக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, விளையாட்டு ஓர் ஏழைக் குடும்பத்துக்குள் நுழையும்போது என்னவெல்லாம் நேர்கிறது என்று காட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் அமெரிக்காவின் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் என்ற இரண்டு குத்துச்சண்டை வீரர்களின் கதையைக் கையில் எடுத்தால், யார் ஜெயித்தார் என்ற கேள்வியோடு நின்றுவிடமாட்டார் என்று நம்பினேன். நம்பிக்கை பெருமளவு வீண்போகவில்லை. குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இருவர்மீதும் இரண்டு நாடுகள் ஏற்றிவைத்த சுமையை இவ்வளவு அக்கறையோடு அணுகும் விளையாட்டுப் படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கதை முழுக்க நடந்தது. 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் இருவரும் முதன்முறையாக மோதினார்கள். டெட்ராய்ட்டில் வளர்ந்த லூயிஸுக்கு அப்போது 22 வயது. தொழில்முறைச் சண்டைகளில் அதுவரை தோல்வியே கண்டிராதவர். ஷ்மெலிங்குக்கு 30 வயது. 1930 முதல் 1932 வரை ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவின் உலகப் பட்டத்தை வைத்திருந்து இழந்தவர், இனி எழமாட்டார் என்று எல்லோரும் கணக்கை முடித்துவிட்டிருந்தவர். ஆனால் அவர் லூயிஸின் பழைய சண்டைகளைக் கூர்ந்து கவனித்து ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்திருந்தார்: இடக்கையால் நேர்க்குத்து விட்டதும் லூயிஸ் அந்தக் கையை முகத்துக்கு நேரே திரும்பக் கொண்டுவராமல் சற்றே கீழிறக்கிவிடுவார். அந்தக் கணநேரத் திறப்பில் தம் வலக்கையைச் செலுத்துவதுதான் ஷ்மெலிங்கின் திட்டம் முழுவதும். நான்காவது சுற்றில் லூயிஸ் முதன்முறையாக விழுந்தார். பன்னிரண்டாவது சுற்றில் எழவே முடியாமல் போனது. இந்த நுட்பத்தைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்களுக்கு முதல் சண்டை வெறும் அடிதடியாகத் தோன்றாது. மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து யோசித்த ஒருவருடைய பொறுமை தெரியும்.

லூயிஸின் பக்கத்தில் இன்னொரு வகைப் பொறுமை தேவைப்பட்டது. அவருக்கு முன் ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஒரே கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன்மீது வெள்ளை அமெரிக்கா கொண்ட வெறுப்பு அப்போதும் ஆறவில்லை. ஆகவே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குச் சில நடத்தை விதிகளை வகுத்திருந்தார்கள். வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்த எதிரியைப் பார்த்து மகிழ்ச்சி காட்டக் கூடாது. இரவு விடுதிக்குத் தனியாகப் போகக் கூடாது. வென்றாலும் சிரிக்காத அந்த முகத்தை இயல்பு என்று பத்திரிகைகள் எழுதின. அது உத்தரவு. லூயிஸாக நடித்திருக்கும் லெனர்ட் ராபர்ட்ஸ் இதை நன்றாக உள்வாங்கியிருக்கிறார். அவர் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதைக் கண்களில் வைத்திருக்கிறார்.

ஷ்மெலிங்காக வரும் டில் ஷ்வைகர் ஜெர்மனியின் பெரிய நட்சத்திரம். உடலாலும் முகத்தாலும் பாத்திரத்துக்குப் பொருந்துகிறார். அவருடைய மேலாளர் ஜோ ஜேக்கப்ஸாக டேவிட் பேமர் வருகிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறவு இந்த இருவருடையதுதான். ஜேக்கப்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த யூதர். வாயில் சுருட்டோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர். 1935இல் ஹாம்பர்க்கில் ஷ்மெலிங் வென்றதும் அரங்கமே எழுந்து நாட்டுப்பண் பாடியபோது, மேடையில் நின்றிருந்த ஜேக்கப்ஸும் வேறு வழியின்றி நாஜி வணக்கமாகக் கையை உயர்த்தினார்; உயர்த்திய கையின் விரலிடுக்கில் சுருட்டு இருந்தது. அந்த ஒளிப்படம் இன்றும் கிடைக்கிறது. அதன் பிறகு ஜேக்கப்ஸை விலக்கிவிடுமாறு ஷ்மெலிங்குக்கு நாஜி அரசு நெருக்கடி கொடுத்தது. அவர் விலக்கவில்லை. கட்சியிலும் கடைசிவரை சேரவில்லை.

இரண்டு சண்டைகளுக்கும் இடையில் நடந்த பட்டப் பேரத்தைப் படம் வேகமாகக் கடக்கிறது என்பது என் முதல் மனக்குறை. லூயிஸை வீழ்த்திய ஷ்மெலிங்குக்குத்தான் சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கோடு மோதும் உரிமை இருந்தது. ஒப்பந்தமும் 1937 ஜூன் 3 என்று நாள் குறித்திருந்தது. ஷ்மெலிங் வென்றால் பட்டம் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போய்விடும் என்ற அச்சம், புறக்கணிப்பு அச்சுறுத்தல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் ஆகியவை சேர்ந்து அந்த வாய்ப்பை லூயிஸிடம் கொண்டுசேர்த்தன. அந்த வாய்ப்புக்கு ஈடாக, வருங்காலப் பட்டப் போட்டிகளின் லாபத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பங்கு பிராடக்குக்கு உறுதி செய்யப்பட்டது. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் பிராடக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்தி லூயிஸ் பட்டம் வென்றார். ஆனால் ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மைச் சாம்பியன் என்று ஏற்கமுடியாது என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. இருவருமே அநீதி ஒன்றின் இரண்டு முனைகளில் நின்றார்கள் என்பதை இந்தப் பகுதி விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

1938 ஜூன் 22 அன்று நடந்த மறுசண்டையின் உண்மையான படச்சுருள் இன்று எளிதாகக் கிடைக்கிறது. நான் அதைப் பலமுறை பார்த்த பிறகே இந்தப் படத்தைப் பார்த்தேன். அதனால் என் எதிர்பார்ப்பு சற்றுக் கடுமையாகவே இருந்தது. சுமார் 70,000 பேர் கூடிய அரங்கில் சண்டை நீடித்தது 2 நிமிடம் 4 நொடிதான். ஷ்மெலிங் வலக்கையால் மேல்கயிற்றைப் பற்றியபடி உடலைத் திருப்புகிறார். அந்த நேரத்தில் விலாவுக்குப் பின்னால் விழுந்த குத்தில் அவருடைய முதுகெலும்பின் ஒரு பகுதி முறிகிறது. அவர் எழுப்பிய அலறல் முன்வரிசை வரை கேட்டதாக அன்று எழுதினார்கள். அவருடைய பயிற்சியாளர் மேக்ஸ் மாக்கோன், தோல்வியை ஏற்கும் அடையாளமாக மேடைக்குள் வெள்ளைத் துவாலையை வீசுகிறார். நியூயார்க் விதிப்படி அது செல்லாது என்பதால் நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்துக் கயிற்றுப் பக்கம் எறிந்துவிட்டு, பிறகு தாமே சண்டையை நிறுத்துகிறார். துவாலை கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எந்த நடிகரும், எந்தப் படத்தொகுப்பும் அந்தத் துவாலைக்கு ஈடாகமுடியாது. தொலைக்காட்சிப் படத்தின் செலவு வரம்பும் கண்ணில் படுகிறது. எழுபதாயிரம் பேரின் மூச்சை உணர முடியவில்லை. நடிகர்கள் உடலைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன்.

ஷ்மெலிங்கைப் படம் சற்று அதிகப் பரிவோடு பார்க்கிறது என்பது என் இரண்டாவது மனக்குறை. அவர் துணிச்சலானவர். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகையிடங்களும் எரிந்த இரவுகளில், ஹென்றி, வெர்னர் லெவின் என்ற இரண்டு யூதச் சிறுவர்களை பெர்லினில் தாம் தங்கியிருந்த விடுதி அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். ஹென்றி லெவின் 1989இல் லாஸ் வேகாஸில் சொல்லும்வரை அதைத் தாமாக வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதே மனிதர்தான் ஹிட்லரோடு உணவருந்தினார், ஜெர்மனியில் எல்லாம் நலமே என்று அமெரிக்கப் பத்திரிகைகளிடம் சொன்னார், தம் புகழை அந்த ஆட்சி பயன்படுத்துவதைப் பல ஆண்டுகள் அனுமதித்தார். இந்த இரண்டையும் ஒரே முகத்தில் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருந்தால், பின்னாளில் லூயிஸ் அவரிடம் காட்டிய பெருந்தன்மை இன்னும் கனத்திருக்கும். மனைவி ஆன்னி ஓண்ட்ராவாக வரும் பீட்டா வில்சனுக்கும் கணவருக்கும் இடையிலான காட்சிகள் இந்த நெருடலை இன்னும் ஆழமாகத் தொட்டிருக்கலாம்.

போருக்குப் பிந்தைய பகுதிதான் நட்பின் கதை. படமோ பெரும்பகுதியை இரண்டு சண்டைகளுக்கே கொடுத்துவிடுகிறது. 1942இல் இரண்டு பட்டப் போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குத் தந்த லூயிஸைத்தான், பின்னாளில் அரை மில்லியன் டாலரைத் தாண்டிய வரிக்கடனுக்காக அதே அரசு விரட்டியது. 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர் மல்யுத்த மேடையில் ஏறிப் பிழைக்க நேர்ந்தது. வான்குடைப் படைவீரராக 1941இல் கிரீட் தீவில் இறக்கப்பட்ட ஷ்மெலிங், போருக்குப் பின் ஹாம்பர்க்கில் கோக்கா கோலா விநியோகத்தால் செல்வந்தரானார். 1954இல் அவர் சிகாகோவுக்குப் போய் லூயிஸைத் தேடிச் சந்தித்தார். மறுசண்டையில் தோற்றது நல்லதாகப் போயிற்று, வென்றிருந்தால் நாஜிகளின் வீரனாகவே நினைக்கப்பட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். 1981இல் லூயிஸ் இறந்தபோது இறுதிச்சடங்குச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்.

தம் கடைசி ஆண்டுகளில் லூயிஸ் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் வருவோரை வரவேற்கும் வேலையில் இருந்தார். அங்கே வந்தவர்கள் அவரோடு கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே தலை நரைத்த இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பழைய கதை பேசும் காட்சிக்காக இந்தப் படம் இன்னும் அரைமணி நேரம் நீண்டிருந்தாலும் நான் எழுந்துபோயிருக்கமாட்டேன்.