நம்பர் அதே, கம்பெனி வேறு: போர்ட் வசதி எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்பரை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மட்டும் மாற்றுகிற போர்ட் வசதிக்கு என் மார்க் ஐந்துக்கு நாலு.

தையல் கடை போர்டு, பில் புத்தகம், கட்டைப்பை எல்லாவற்றிலும் அச்சடித்திருப்பது ஒரே நம்பர். "பிளவுஸ் ரெடியா அக்கா?" என்று வருகிற போன் எல்லாம் அதில்தான். அதை மாற்ற முடியாது என்பதால், கடைக்குள் சிக்னலே இல்லாத கம்பெனியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

வேலை சுலபம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினால் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடக் குறியீடு வரும். அது நாலு நாள்தான் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனி கடையில் ஆதாரைக் காட்டி சிம் வாங்க வேண்டும். மூன்று வேலை நாளில் மாறிவிடும். முன்பு சின்ன ரீசார்ஜ் போட்டவர்களால் அந்த மெசேஜையே அனுப்ப முடியாது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் எல்லா பிளானிலும் அது போகிறது.

குறியீடு வந்த அன்றே பழைய கம்பெனியிலிருந்து போன். "இருங்க மேடம், உங்களுக்குன்னு ஒரு பிளான் இருக்கு." ஆப்பில் கண்ணிலேயே காட்டாத பிளான்! சிக்னல் புகாருக்கு இப்படி ஒருவர்கூடத் தேடி வந்ததில்லை. ஆள் கிளம்பப் போகிறாள் என்று தெரிந்தால்தான் அசைகிறார்கள்.

செல்போன் வரலாறே அப்படித்தான். லேண்ட்லைன் அரசின் கையில் மட்டும் இருந்தபோது மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். 1995-ல் செல்போன் வந்தது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என இரண்டே கம்பெனி. வருகிற காலுக்கும் காசு. போட்டிக் கம்பெனிகள் கூடின, 2003-ல் இன்கமிங் இலவசமானது. 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றதும் மற்றவர்களும் நொடிக் கணக்குக்கு இறங்கினார்கள். 2011 ஜனவரியில் நாடு முழுக்க போர்ட் வந்தது. 2016-ல் ஜியோ 4ஜி வழியாகவே பேச வைத்து, காலுக்குத் தனிக் காசு என்பதையே ஒழித்தது.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம், போவதற்கு இடம் சுருங்கிவிட்டது. மூன்று தனியார், ஒரு பி.எஸ்.என்.எல்., அவ்வளவுதான். 2024 ஜூலையில் மூன்று தனியாரும் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்கள். கோபத்தில் லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்குப் போனார்கள். அங்கே 4ஜி டவர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

மாறப்போகிறவர்களுக்கு: ரீசார்ஜ் முடியும் சமயத்தில் மாறுங்கள், மீதிப் பணம் புதுக் கம்பெனிக்கு வராது. போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கியை முதலில் கட்டிவிடுங்கள். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.